மூன்றாம் ஓலை

அப்பா எழுந்து நின்றார்.

பட்டணத்து மாதா கோயிலில் ஞாயிறு பூசை. மேலே காற்றாடி கிரீச் கிரீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. சாமியார் பிரசங்கத்தை முடித்துவிட்டு ஓலை வாசித்துக்கொண்டிருந்தார். ஆண்கள் பக்கத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, வெள்ளைச் சட்டையும் எண்ணெய் வைத்து வாரிய தலையுமாக அப்பா மட்டும் எழுந்து நின்றார்.

கால் மரத்துப்போயிருக்கும், நீட்டுவதற்காக எழுந்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். சாமியாரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அடுத்த வரிக்குப் போகப் பார்த்தார். அப்பா உட்காரவில்லை.

“என்ன ஆரோக்கியம்?” என்றார் சாமியார்.

“தடை இருக்கு சாமி.”

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. எங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், அதற்கு முந்தைய மூன்று ஞாயிறுகளில் பூசையின்போது சாமியார் அதை அறிவிப்பார். இன்ன ஊர் இன்னாருடைய மகனும், இன்ன தோட்டத்து இன்னாருடைய மகளும் திருமணம் செய்துகொள்ளப் போகிறார்கள். இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இதுதான் ஓலை. அந்தக் கடைசி வரி வரும்போது தாய்மார்கள் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிடுவார்கள், பின்னால் நிற்கும் இளவட்டங்கள் வெளியே நழுவுவார்கள். யாரும் எதையும் தெரிவித்ததில்லை. நான் பிறந்ததிலிருந்து ஒருவர்கூட எழுந்து நின்று பார்த்ததில்லை.

அன்றைக்கு என் அப்பா நின்றார். வாசிக்கப்பட்ட ஓலை அவருடைய சொந்த அக்காவின் ஓலை. என் சலேத்தம்மா அத்தையின் மூன்றாம் ஓலை.

கூலிம் வாசகியின் கோபம்

இவ்வளவு எழுதிவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இந்தச் சம்பவத்தை எழுத உட்கார்ந்தால் எனக்கு இப்படித்தான் ஆகிறது. நாற்காலியில் முள் வைத்த மாதிரி இருக்கிறது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் பீடோங் சந்தையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு கூலிமிலிருந்து ஒரு வாசகி போன் செய்தார். “அத்தைய பத்தி எழுதுறேன், எழுதுறேன்னு சொல்லிட்டு ஒவ்வொரு வாரமும் மீன் கடைக்கும் பஸ் ஸ்டேஷனுக்கும் போயிடுறீங்களே லா” என்று பிடித்துக்கொண்டார். நியாயமான கோபம். அத்தையைச் சுற்றிச் சுற்றி வந்தேனே தவிர கிட்டே போகவில்லை. கிட்டே போனால் அப்பாவின் மேல் எனக்குப் பழைய ஆத்திரம் கிளம்பிவிடும் என்ற பயம்தான் காரணம். கிளம்பட்டும்.

எழுபதுகளின் கடைசி. எனக்கு அப்போது பள்ளிப் படிப்பு முடியும் வயது. வாய் நீளம், பொறுமை குட்டை. இப்போதும் அப்படித்தான் என்று என் பிள்ளைகள் சொல்வார்கள்.

இடுப்பில் கட்டிய கயிறு

பீடோங்கிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், எங்கள் குடும்பம் வேலை பார்த்த ரப்பர் தோட்டம். அப்பாவின் தாய் இறந்தபோது அவர் சின்னப் பையன். அவருக்குக் கீழே இன்னும் இரண்டு தம்பிகள். மேலே ஒரே ஒரு அக்கா, அவளுக்கே அப்போதுதான் தாவணி போட்டிருந்தார்கள். தாய் பால் வெட்டிக்கொண்டிருந்த ரப்பர் மரங்களை மகளுக்குக் கொடுத்தார் மேற்பார்வை பார்க்கும் மண்டோர். அத்தை அன்றைக்குப் பிடித்த பால் வாளியைக் கீழே வைக்கவே இல்லை.

மூவரில் அப்பாதான் பயந்தாங்கொள்ளி. வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அழுதே காய்ச்சலை இழுத்துக்கொள்வாராம். அதனால் அத்தை அவரை ரப்பர் காட்டுக்கே அழைத்துக்கொண்டு போவாள். விடியாத இருட்டில் அக்கா எந்த மரத்தில் இருக்கிறாள் என்று தெரியாமல் அவர் கத்துவார். கத்தலைக் கேட்டு மண்டோர் வந்துவிடுவார். கடைசியில் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். கிணற்றுக் கயிறு ஒன்றை எடுத்து ஒரு முனையைத் தன் இடுப்பிலும் மறு முனையைத் தம்பியின் இடுப்பிலும் கட்டிவிட்டாள். அவள் மரம் மாறும்போது கயிறு இழுக்கும். இழுத்தால் அக்கா இருக்கிறாள் என்று அர்த்தம். அவரும் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

இதை அத்தைதான் சொல்வாள். அப்பா பக்கத்தில் இருந்தால், “போதும் நிப்பாட்டு, பிள்ளைங்க முன்னாடி” என்று எழுந்து போய்விடுவார்.

மூன்று தம்பிகளுக்கும் பெண் பார்த்துக் கட்டி வைத்தவள் அத்தை. அவளைப் பெண் கேட்டு வந்தவர்களும் உண்டு. ஒவ்வொரு தடவையும், “சின்னவனுக்கு முடியட்டும்” என்பாள். சின்னவனுக்கு முடிந்தபோது கேட்டு வர யாரும் மிச்சமில்லை. அவள் எங்களோடுதான் இருந்தாள். எங்கள் வீட்டில் முதலில் எழுபவள், கடைசியில் படுப்பவள். எனக்கு அம்மாவைவிட அவளிடம்தான் ஒட்டுதல் அதிகம். இதை அம்மாவே பெருமையாகச் சொல்வாள்.

பஸ் வராத நாள்

இனி, தடை என்ன என்பதற்கு வருகிறேன்.

சிடாம் கிரி பக்கம் சவரிமுத்து என்று ஒருவர். தோட்டம் தோட்டமாகப் போய் ரப்பர் பால் ஏற்றும் டாங்கி லோரியின் டிரைவர். உயரமான ஆள், பேச்சு குறைவு. அவருக்குப் பெண் குழந்தை பிறந்து, ஞானஸ்நானத்துக்காகக் கோயிலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். பிள்ளையை ஏந்தி ஞானத்தாயாக நிற்க வேண்டிய பெண் அலோர் ஸ்டாரிலிருந்து வர வேண்டும். பஸ் வழியில் படுத்துவிட்டது. சாமியாருக்கோ அடுத்து ஒரு தோட்டத்தில் பூசை.

அத்தை அந்த நேரம் மாதா சுரூபத்துக்கு முன்னால் காய்ந்த பூவை அள்ளிக்கொண்டிருந்தாள். “ஏம்மா, நீ வா. பிள்ளையப் பிடி” என்று சாமியார் கூப்பிட்டார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்ப் பிள்ளையை ஏந்தினாள். தண்ணீர் ஊற்றியாயிற்று. லில்லி என்று பெயர் வைத்தாயிற்று. அவ்வளவுதான் நடந்தது.

வேறு யாராவது என்றால் அதோடு மறந்திருப்பார்கள். அத்தை மறக்கவில்லை. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் லில்லிக்கு ஒரு கவுன் தைப்பாள். சவரிமுத்துவும் மனைவியும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து வாங்கிப்போவார்கள். அந்த மனைவி நோயில் இறந்தாள். அதற்குப் பிறகும் கிறிஸ்மஸ் அன்று அவர் பிள்ளையோடு வந்து, வாசலோரம் நின்று, கோப்பி குடித்துவிட்டுப் போவார். உட்காரச் சொன்னால் லோரியைப் பார்ப்பார்.

அப்படி வந்துபோனவர், ஒரு டுரியான் சீசனில், கிறிஸ்மஸ் இல்லாத ஒரு நாளில் வந்தார். அத்தை காட்டில் இருந்த நேரமாகப் பார்த்து வந்து, என் அம்மாவிடம், “அக்கா, உங்க நாத்தனார எனக்குக் கேட்டா தப்பா நெனப்பாங்களா?” என்றார்.

அம்மா கையிலிருந்த டுரியானைக் கீழே போட்டுவிட்டாள். நல்லவேளை, காலில் படவில்லை.

அத்தையிடம் சொன்னபோது, “இந்த வயசுலயா? சும்மா இரு தாயி” என்று துணி துவைக்கப் போய்விட்டாள். ஆனால் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். நான் பார்த்தேன். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “ஒங்க இஷ்டம்” என்றார். சித்தப்பாக்கள் இருவரும் சந்தோஷப்பட்டார்கள். முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். அந்த வாரம் அத்தை கோழி உரித்துக்கொண்டே, “ஏந்தின பிள்ளைக்கே இப்ப சோறு ஊட்டப் போறேன், பாரேன்” என்று சிரித்தாள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா சட்டென்று எழுந்து வெளியே போனார்.

எங்கள் சனங்களிடம் ஒரு பிடிவாதமான நம்பிக்கை உண்டு. பிள்ளையை ஏந்தியவளும் பிள்ளையைப் பெற்றவனும் அண்ணன் தங்கை முறை. ரத்த உறவைவிடக் கெட்டியான உறவு, கோயில் தண்ணீரால் ஆன உறவு. அப்படிப்பட்டவர்கள் கட்டிக்கொண்டால் பாவம் பிள்ளையின் தலையில் விழும் என்பார்கள். கேட்டு வந்தபோது இது யாருக்கும் உறைக்கவில்லை. அப்பாவுக்கு மட்டும், அதுவும் இரண்டாம் ஓலைக்குப் பிறகு உறைத்தது.

பட்டன்

“எங்க அக்கா அவரு பிள்ளைய ஏந்தினவ, சாமி. அவங்க ரெண்டு பேரும் கூடப்பொறந்த மொறை. கட்டக்கூடாது.”

கோயிலுக்குள் தேனீக் கூட்டைத் தட்டிய மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பூசை முடிஞ்சு உள்ள வா” என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்தார். மூன்றாம் ஓலை பாதியில் நின்றது.

நான் பூசை முடியும்வரை இருக்கவில்லை. அத்தைக்கு இதை வேறு யாராவது போய்ச் சொல்வதற்குள் நான் சொல்லிவிட வேண்டும் என்று வெளியே ஓடினேன். தங்கள் ஓலை வாசிக்கும் பூசைக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வரக்கூடாது என்பது எங்களில் வழக்கம். ஏன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அதனால் அத்தை வீட்டில் இருந்தாள்.

பீடோங் பஸ் எனக்காகவே மெதுவாகப் போனது. நிறுத்தத்தில் இறங்கி, செம்மண் சாலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பாதி வழியில் தோட்டத்து லோரி என்னைத் தாண்டிப் போனது. பூசைக்கு வந்திருந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் அதில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துக் கை காட்டினார்கள். எனக்கு அழுகை வந்தது.

நான் போனபோது அத்தை குசினியில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“யாரு எந்திரிச்சது? ஆரோக்கியமா?”

“ஆமா அத்தை.”

“எல்லாரும் பாக்க எந்திரிச்சு நின்னானா?”

“ஆமா.”

அவள் கரண்டியை எடுத்துக் கழுவினாள்.

“சட்டையில மேல் பட்டன் அந்துக்கிட்டு இருந்துச்சு. காலையில தைக்கணும்னு நெனச்சு மறந்துட்டேன். தொறந்துகிட்டா நின்னான்?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பட்டன் கெடக்கட்டும் அத்தை! அவரு ஒங்க கல்யாணத்த நிறுத்திட்டாரு!”

“கத்தாதடி. எனக்குக் காது கேக்குது” என்று சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி, ஒன்றும் இல்லாத நெருப்பை ஊதிக்கொண்டே இருந்தாள்.

சாமியார் சொன்னது

உள்ளே நடந்ததை அம்மா வந்து சொன்னாள். அவளும் அப்பாவோடு கூடவே போயிருந்தாள், கூப்பிடாமலேயே.

சாமியார் அப்பாவை உட்கார வைத்து விளக்கியிருக்கிறார். ஞானத்தாய்க்கும் அவள் ஏந்திய பிள்ளைக்கும்தான் உறவு. பிள்ளையின் தகப்பனுக்கும் அவளுக்கும் ஒன்றும் கிடையாது, திருச்சபை அப்படி ஒரு தடையும் போடவில்லை.

“ஊரு ஒத்துக்கணுமே சாமி” என்றாராம் அப்பா.

“ஊரு ஒத்துக்கணுமா, நீ ஒத்துக்கணுமா?”

அப்பா சட்டைப் பட்டனைத் திருகினாராம்.

“வர்ற ஞாயிறு மூணாம் ஓலைய மறுபடி வாசிப்பேன். அப்பவும் எந்திரிக்கணும்னா நல்ல காரணம் எடுத்துக்கிட்டு எந்திரி” என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்கு மத்தியானம் அத்தை என்னையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு சொன்னாள். “சாமியாரு சொன்னா சரிதான். ஆனா வர்ற ஞாயித்துக்கிழம அவன் மறுபடி தடை சொன்னான்னா நான் போகமாட்டேன் தாயி. அவன தலகுனிய வச்சிட்டு எனக்கு ஒரு கல்யாணம் வேணாம்.”

“இத அவருகிட்ட சொல்லுங்க” என்றாள் அம்மா.

“சொன்னா எனக்காக ஒத்துக்குவான். அது வேணாம். அவனாத்தான் உக்காந்திருக்கணும்.”

அவள் அப்படித்தான். ஐம்பதை நெருங்கிய வயதில் கிடைத்த ஒரே வாழ்க்கையை, கோயிலில் தம்பி எழுகிறானா உட்காருகிறானா என்பதில் கொண்டுபோய் வைத்தாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது.

உட்காராத வீடு

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஒருவரும் ஓரிடத்தில் இருக்கவில்லை. விடியற்காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு அத்தை முதல் ஆளாகப் போனாள். காட்டிலிருந்து வந்ததும் அலமாரியை இழுத்துப் பெருக்கினாள், பெருக்கிய இடத்தையே கழுவினாள். அம்மா கதவை அடைத்தாள், திறந்தாள். அப்பா வேலை முடிந்து வந்து குளித்துவிட்டு நடக்கப் போவார். லயத்தின் கடைசி வரைக்கும் போவார், ஸ்டோர் வரைக்கும் போவார், கள்ளுக்கடை வாசல் வரைக்கும் போய் உள்ளே நுழையாமல் திரும்புவார். அவருக்கு அத்தை எப்போதும்போலத் தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள். பேச்சு மட்டும் இல்லை.

லயத்துப் பெண்களுக்குக் கொண்டாட்டம். தண்ணீர்க் குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். ஒருத்தி, “எதுக்கும் ஞானத் தண்ணிய பத்தி ரோசிக்கணுமில்ல” என்று வாளியைப் பார்த்துச் சொன்னாள். நான் அவளுடைய வாளியைத் தட்டிவிட்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை, “முழுசா கொட்டுச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

நான் அப்பாவோடு சண்டை போட்டேன். முதல் தடவையாக, நேருக்கு நேராக நின்று போட்டேன்.

“நீங்க கட்டிக்கலாம், சித்தப்பாங்க கட்டிக்கலாம். அத்தை மட்டும் கடைசி வரைக்கும் நமக்குச் சோறாக்கிக்கிட்டே இருக்கணுமா?”

அவர் கை ஓங்கினார். ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தன் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு நடக்கப் போய்விட்டார். எனக்கு அவரைப் பிடிக்காமல் போன வாரம் அது. அவர் செத்து வருஷங்கள் ஆகியும் அந்த வாரம் மட்டும் எனக்குள் ஆறவில்லை.

அம்மாவின் முறை வேறு மாதிரி. அவள் அவருக்கு எதிரில் உட்கார்ந்து, மீனை அலசிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். “பாவத்துக்குப் பயந்து எந்திரிச்சீங்களா, வேற எதுக்காச்சும் எந்திரிச்சீங்களா? நெசத்தச் சொல்லுங்க. யாருகிட்டயும் சொல்லமாட்டேன்.”

“பாவந்தான்” என்றார் அப்பா.

“சரி. அப்ப ஏன் என் மூஞ்சப் பாக்கமாட்டேங்கிறீங்க?”

அவர் மீனைப் பார்த்தார்.

டாங்கி லோரி

நடு வாரத்தில் ஒரு மாலை, பால் ஏற்றி முடித்த டாங்கி லோரி லயத்துக்குள் வந்து நின்றது. சவரிமுத்து இறங்கினார். கால்சட்டையில் பால் பட்டுக் காய்ந்து கிடந்தது. ரப்பர் பாலின் அந்தப் புளித்த நாற்றம் அவரோடு வாசல் வரை வந்தது. அப்பா வீட்டில் இல்லை, நடக்கப் போயிருந்தார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“அக்கா, பிள்ளைய பாத்துக்க ஆள் வேணும்னு நான் கேக்கல” என்றார் அம்மாவிடம். அவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. “லில்லி வளந்துட்டா, அவ தன்னப் பாத்துக்குவா. நான் அவங்களுக்காகத்தான் கேட்டேன். கிறிஸ்மஸ் எப்ப வரும்னு வருசம் பூரா பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். ஆரோக்கியம் அண்ணனுக்குப் பிடிக்கலன்னா சொல்லிடுங்க. நான் ஒதுங்கிக்கிறேன்.”

அம்மா அவருக்கு நாற்காலி எடுக்கத் திரும்பினாள். அதற்குள் கதவு திறந்தது.

“ஒதுங்குறது இருக்கட்டும்” என்றாள் அத்தை. “மொதல்ல அந்த லோரிய ஒதுக்குங்க. பிள்ளைங்க பந்து வெளையாடுற எடம்.”

சவரிமுத்து பதறிப்போய் ஓடினார். லோரியை எடுத்து, பின்னால் வந்து, முன்னால் போய், ஒரு துணிக்கொடியை அறுத்து, கடைசியில் சாலையோரம் நிறுத்தினார். திரும்பி வந்து, “நிறுத்திட்டேன்” என்றார்.

“கோப்பி குடிங்க” என்றாள் அத்தை.

அறுந்து விழுந்த துணிகளை நானும் அவருமாகப் பொறுக்கினோம். அவர் ஒரே சட்டையை மூன்று முறை உதறினார். இவ்வளவு பெரிய ஆள் என் அத்தையிடம் இவ்வளவு பயப்படுகிறாரே என்று எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கோப்பியை அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அத்தைதான் சொன்னாள். “ஞாயித்துக்கிழம தெரியும்.”

மறுபடியும் ஓலை

ஞாயிறு விடிந்தது. யாரும் பசியாறவில்லை. தோட்டத்து லோரி வந்து நின்றதும் அப்பா முன்னால் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் அம்மாவும் பின்னால் ஏறினோம். லோரி நகரப் போகும்போது, “நிப்பாட்டு” என்று ஒரு குரல். நீலச் சேலை கட்டிக்கொண்டு, தலையில் முக்காட்டோடு, அத்தை வந்து ஏறினாள்.

பெண்கள் வாயைப் பிளந்தார்கள். “சலேத்து, இன்னைக்கு ஒன் ஓலைடி. நீ வரக்கூடாது!” என்றாள் ஒரு கிழவி.

“தெரியும் பெரியம்மா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் பின்னால் வருவது அப்பாவுக்குத் தெரியாது. கோயிலில் இறங்கியதும் அவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அத்தை போய் உட்கார்ந்த பிறகுதான் அவர் பார்த்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று கோயிலில் இருந்த ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் விரல் நகம் எல்லாவற்றையும் கடித்து முடித்தேன். ஒருவழியாகச் சாமியார் காகிதத்தைப் பிரித்தார்.

“சிடாம் கிரியைச் சேர்ந்த, காலஞ்சென்ற மரியதாஸ் மகன் சவரிமுத்துவும்…” என்று ஆரம்பித்து, அத்தையின் பெயரைச் சொல்லி, “மூன்றாம் முறையாக” என்றும் வாசித்தார். கடைசி வரிக்கு முன்னால் மூச்சு வாங்கினார்.

அத்தை எழுந்தாள்.

“சாமி, நான் ஒண்ணு சொல்லணும்.”

சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “நீ ஏம்மா வந்தே? பொண்ணு வரக்கூடாதுன்னு ஒங்க ஆளுங்க சொல்லுவாங்களே.”

“போன வாரம் வராம இருந்ததுனாலதான் சாமி இவ்வளவும் நடந்துச்சு.”

சிலர் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“தடை தெரிஞ்சவங்க சொல்லணும்னு வாசிக்கிறீங்க. எனக்கு ஒண்ணு தெரியும், சொல்லிடுறேன். என் தம்பி ஆரோக்கியத்துக்கு நான் இல்லாம இருக்கத் தெரியாது. எனக்கும் அவன் இல்லாம இருந்து பழக்கமில்ல. அவன் தடைன்னு சொன்னது அதத்தான் சாமி. அவனுக்கு அத வேற எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. இதுவும் ஒரு தடைன்னா நான் போகல. இல்லன்னா ஒங்க சட்டத்துல என்ன போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். ஆண்கள் பக்கம் திரும்பி, “ஆரோக்கியம்” என்றார்.

அப்பா எழுந்து நின்றார்.

அம்மா என் கையைப் பிடித்தாள், வலிக்கும்படி பிடித்தாள். தடை என்று இன்னொரு வார்த்தை வந்தால் அத்தை போகமாட்டாள். எங்களோடே இருந்து எங்களுக்குச் சோறு ஆக்குவாள், என் பிள்ளைகளுக்கும் ஆக்குவாள், ஒருநாள்கூட இதைச் சொல்லிக் காட்டமாட்டாள். அப்பாவின் வாய் திறந்து மூடியது. முன்னால் இருந்த பெஞ்சின் முதுகை அவர் பிடித்திருந்தார்.

“அக்கா, நீ உக்காரு” என்றார்.

அத்தை உட்கார்ந்தாள்.

“மீதிய வாசிங்க சாமி.”

சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்தார். சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தார். இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். வழக்கமாக அந்த வரியை முடித்த கையோடு காகிதத்தை மடித்துவிடுவார். அன்றைக்கு மடிக்காமல் காத்திருந்தார். பெண்கள் பக்கம் இருந்த அத்தனை தலைகளும் ஆண்கள் பக்கம் திரும்பின. அத்தையும் திரும்பினாள்.

அப்பா தோள்கள் குலுங்க, இரண்டு கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.